மாமன் பூசிய சந்தனம்

காது குத்தும் பத்தர் ஊசியோடு தயாராக இருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைத்தான் காணோம்.

வேடியப்பன் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தான்.

திருத்தணி மலைக்கு வந்ததிலிருந்து இதே வேலைதான். மொட்டை போட்ட தலையில் சந்தனம் பூசக் கூப்பிட்டபோதும் இங்கேதான் நழுவி வந்தான். கடைசியில் குழந்தையின் அப்பாவே பூசிவிட்டார். அப்படி என்ன அழுக்கோ என்று தங்கை வசந்தியின் நாத்தனார்கள் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். அவர்களுக்கு என்ன தெரியும்.

வசந்தியின் முதல் குழந்தை மோனிஷாவுக்கு இதே மலையில் மொட்டை போட்ட காலத்தில், அவன் நெல்லூர்ப் பக்கம் இறால் குட்டையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நோய் வருவதற்கு முன்பே தீவனத்தில் மருந்துத் தூளைக் கலக்கச் சொல்வார் முதலாளி. வெறுங்கையால்தான் பிசைவான். முதலில் ஒரு பிடி போதுமாக இருந்தது. பிறகு வாளி வாளியாகக் கொட்டியும் இறால் செத்து மிதந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். செத்ததை அள்ளி அள்ளி, இறால் தலையின் கொம்பு குத்தி, அவன் விரலெல்லாம் புண்.

அந்தக் கையோடுதான் மொட்டைக்கு வந்தான். கத்தி லேசாகக் கீறியிருந்த பிஞ்சுத் தலையில் மாமன் சந்தனம் பூச வேண்டும் என்றார்கள். ஆசை ஆசையாகப் பூசினான்.

அடுத்த வாரமே தலையில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாற்றி மாற்றி ஊசி போட்டும் கேட்கவில்லை. கிருமி எங்கிருந்து ஒட்டியது என்று தெரிந்தால் வேறு மருந்தாவது பார்க்கலாம் என்ற டாக்டர், வராந்தாவில் தனியாக நின்றிருந்த அவனைக் கேட்டார்.

"உங்க வீட்ல யாராவது கோழிப் பண்ணையிலயோ இறால் குட்டையிலயோ வேலை செய்றாங்களா?"

கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இல்லைங்க என்றான். பயம். தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம், அவ்வளவுதான்.

மோனிஷா பிழைக்கவில்லை.

அவன் நெல்லூருக்குத் திரும்பிப் போகவில்லை. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறான். விரல் புண் எப்போதோ ஆறிவிட்டது. டாக்டர் கேட்டதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"மச்சான், பத்தர் காத்துகினு இருக்காரு!" வசந்தியின் கணவர் அசோக்குமார் மண்டபத்திலிருந்து குரல் கொடுத்தார்.

வேடியப்பன் அசையவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வசந்தியே குழாயடிக்கு வந்தாள்.

"வேற யார் மடியிலயாச்சும் உக்கார வைம்மா. என் கை வேணாம்," என்றான்.

வசந்தி குழாயை மூடினாள். அவன் கைகளை இழுத்து முந்தானையால் துடைத்தாள், விரல் விரலாக.

"உங்கண்ணன் இல்லைன்னுட்டாருன்னு சொல்லி, அந்த டாக்டரு என்னையுந்தான் கேட்டாருண்ணா. உன் கைப் புண்ணத்தான் நெனச்சுகினு இருந்தேன். உன்மேல பழி வந்துடக் கூடாதுன்னு, நானும் இல்லைன்னுதான் சொன்னேன்."

குழந்தையை அவன் கைகளில் கொடுத்தாள்.

பிறகு குழாயைத் திறந்து, தன் கைகளைக் கழுவத் தொடங்கினாள்.