காற்று இலவசம்

"ஏண்டா, அந்த லைப்ரரி மேடம் சைக்கிள்ல அப்படி என்னதான்டா கோளாறு? இன்னியோட பத்தொன்பது நாளாச்சு!"

அக்கா கேட்க, தம்பி கவிழ்த்து நிறுத்தியிருந்த சைக்கிளின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பதை நெருங்குகிற வயதிலும், சங்கடமான கேள்வி வந்தால் அவனுக்குக் காது கேட்காது.

அக்காவுக்குக் கவலை வராமல் எப்படி இருக்கும்? பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட சர்வீஸ் சென்டர் வந்ததிலிருந்து இவர்கள் சைக்கிள் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. "மூணு மாசம் பாக்கறேன்க்கா. நிமிரலைன்னா சாமானையெல்லாம் தூக்கிக் குடுத்துட்டு வெளியூர் ஃபேக்டரிக்குப் போயிடறேன்" என்று தம்பி ஒருநாள் சொல்லிவிட்டான். அவனை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அன்றே துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

கையைக் கடிக்காத விளம்பரமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். உள்ளே மூலையில் கிடந்த காற்றடிக்கும் பம்பை, எதிரே பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் கண்ணில் படும்படி வாசலுக்கு இழுத்துப் போட்டாள். மிச்சம் கிடந்த சிவப்பு பெயின்ட்டில் 'காற்று இலவசம்' என்று பலகை எழுதினாள். காற்றுக்கு வருகிறவர்களின் பிரேக்கையும் செயினையும் தம்பி ஒரு பார்வை பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குக் காசு கேட்கக் கூடாது. பழைய எண்ணெய் டின்னை வெட்டி, போன் நம்பர் எழுதி, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் ஒரு தகடு மாட்டச் சொன்னாள்.

பலித்தது. ஓசிக் காற்றுக்கு வந்தவர்கள் பிரேக் கட்டை மாற்ற வந்தார்கள். நடுவழியில் பஞ்சரானவர்கள் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துப் போன் செய்தார்கள். வெளியூர் போகிற பேச்சையும் தம்பி விட்டுவிட்டான். எல்லாம் பலகையின் மகிமை என்று அக்கா தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் இந்த மேடம். தினமும் காலை ஒன்பது மணிக்கு, பஸ் ஸ்டாப்பில் கூட்டம் நெருக்கியடிக்கிற நேரமாகப் பார்த்து, காற்றுப் போன பின்சக்கரத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்.

"ஒரே சைக்கிள் தினம் தினம் காத்துப் போயி நம்ம வாசல்ல நிக்குது. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை, இவன்கிட்ட யாரு வண்டிய விடுவான்னு நினைக்க மாட்டாங்க? நான் நாயா பேயா அலைஞ்சு சம்பாதிச்ச பேரை அந்த ஒரு சக்கரமே கெடுத்துடும்டா!"

"டியூப்பைத் தண்ணியில முக்கிப் பாத்துட்டேன்க்கா. ஒரு குமிழிகூட வரலை."

"அப்ப டியூப்பையே மாத்து."

"போன வாரமே மாத்திட்டேன்."

"காசு வாங்கினியா?"

சக்கரம் மறுபடி சுழன்றது.

ஒன்பது அடித்ததும் மேடம் வந்துவிட்டார். "இன்னிக்கும் போயிடுச்சுங்க" என்றார், ஏதோ தன் தப்பு போல.

"அப்படியா" என்றான் தம்பி, பின்சக்கரத்திடம். பெண்கள் யார் வந்தாலும் அவன் சைக்கிளிடம்தான் பேசுவான். மற்றவர்களுக்கெல்லாம் பம்பைக் கைகாட்டிவிடுகிறவன், இந்த வண்டிக்கு மட்டும் தானே காற்றடித்து, குந்தி உட்கார்ந்து, வால்வைத் தொட்டுப் பார்த்து, துணியால் துடைத்தும் விட்டான். அக்கா கிட்டே போனால், "நீ விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

மேடத்தின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. பாவம், புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிற கை என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

இன்று இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று, மேடம் கிளம்பியதும் அக்காவும் பின்னாலேயே நடந்தாள். தெருமுனை திரும்பினால், மேடம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்தருகே குனிந்திருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

மேடம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மெதுவாகச் சொன்னார். "உங்க தம்பி காத்தடிச்சு முடிச்சதும், இந்த வால்வு நட்டை அரைச் சுத்து தளர்த்தி விட்டுடறாருங்க. அதை இறுக்கறேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப்பாவி! உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணாவது நாளே தெரியும்."

"மன்னிச்சுடும்மா. வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசத் தெரியாத மண்ணு அவன். வெளியூர் போற பேச்சை ஏன் விட்டான்னு இப்பல்ல புரியுது! நான் என்னவோ என் பலகைதான் அவனைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு நினைச்சேன்." அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "கவலைப்படாதீங்க, இனிமே உங்க வண்டி மேல கை வைக்காம நான் கண்டிச்சு வைக்கறேன்."

"ஐயோ, அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க!"

அந்தப் பதற்றத்தில்தான் அக்காவுக்குப் பொறி தட்டியது. "இருங்க, இருங்க. இங்கயே நீங்க இறுக்கிடறீங்கன்னா, மறுநாள் காலையில எப்படிம்மா காத்து இறங்கியிருக்கு?"

மேடம் கறுப்புப் படிந்த இரண்டு விரல்களையும் கைப்பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தார்.

"காலையில வரும்போது, இதே முனையில நின்னு நானே தளர்த்திக்குவேன்."