எந்தத் துவக்கு?

புலம்பெயர்ந்த தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில், மெட்ரோ மேம்பாலத்துக்கு எதிரே இருக்கிற தேநீர்க்கடை. மேலே ரயில் போகும்போதெல்லாம் நிரோஜினியின் பிளேன்ரீ மெல்ல நடுங்கி அடங்குகிறது. பக்கத்தில் விரிந்து கிடக்கிற பளபளப்பான துப்பாக்கி விற்பனைப் புத்தகத்தில் துவக்குகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஞாயிறுகளில் அவளோடு கிளப்பில், பறக்கவிடுகிற மண்தட்டுகளைச் சுட்டுப் பழகுகிற புதுச்சேரிக்காரர் ரேமண்ட், குழல்கள் மேலும் கீழுமாய் அமைந்த ஒன்றின்மேல் விரலை வைக்கிறார். "இதை எடும்மா. தட்டுக்கு இதுதான் சரி." "வீட்டுக்கும் உதவுமோ அண்ணை?" போன மாதம் ஓல்னேயில் அவள் வீட்டை உடைத்தவர்கள் அலுமாரியைத் தொடவேயில்லை, நேரே குசினிக்குப் போய், அரிசி வாளிக்குள் கைவிட்டுத் தாலிக்கொடியை எடுத்திருக்கிறார்கள். தமிழர் வீட்டில் நகை எங்கே இருக்குமென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. "வீட்டுல பெட்டியில பூட்டித்தான் வைக்கணும், தோட்டாவைத் தனியா. நீ திறக்கறதுக்குள்ள திருடன் காப்பி போட்டுக் குடிச்சிட்டுப் போயிடுவான்." அவள் சிரிக்கவில்லை. ஈரக் குடையை எடுத்துத் தோளில் பொருத்தி, கன்னத்தைச் சாய்த்து, மழை விட்ட வெயிலில் மினுங்குகிற பாலத்தூணைக் குறிபார்க்கிறாள். வடைத்தட்டோடு வந்த கடைக்காரர் அப்படியே நிற்கிறார். குடைநுனியிலிருந்து ஒரு துளி புத்தகத்தில் விழுகிறது. கை ஆடவில்லை. "ஓம், இதையே எடுக்கிறன்." "சரி. பெட்டிச் சாவியை எங்க வைப்ப?" "அரிசி வாளிக்குள்ள…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொள்கிறாள். ரேமண்ட் வடையைப் பிட்கிறார். அவள் குடையை மெல்லக் கீழே இறக்குகிறாள்.