சுல்தான் கையெழுத்துக்குப் பூ

"இந்தத் தடவையும் சுல்தான் கையெழுத்தைச் சுத்திப் பூப்போட உன் தங்கச்சி புருஷனைத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்று ஷாபான் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான்.

இஸ்தான்புல் அரண்மனைச் சித்திரக்கூடத்தில் அவனும் சகலை தாஹிரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரைகிறவர்கள்.

"நல்லா வரையறார் போல" என்றாள் அவன் மனைவி நெசிபே, தையலிலிருந்து தலை நிமிராமல்.

"அவனா? போன வருஷம்வரை அவன் துலிப் வரைஞ்சா வெங்காயம் மாதிரி இருக்கும். இப்ப வீட்டிலேருந்து ஊசியால பூ வடிவம் குத்தின தாள் கொண்டுவர்றான். அந்த ஓட்டை வழியாக் கரித்தூளைத் தட்டி, விழுற புள்ளிமேல கோடு இழுக்கறான். இலையெல்லாம் காத்துல ஆடற மாதிரி இருக்கு. அது அவன் கை இல்லை."

"உங்களுக்குப் பொறாமை."

"ஆமா, பொறாமைதான். நாளைக்குத் தலைமை ஓவியர்கிட்டச் சொல்லி அவன் மானத்தை வாங்கறேன். எவன் வரைஞ்சு கொடுக்கறான்னு அவர் கேட்காம விடமாட்டார்."

"கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்றாள் நெசிபே. "தங்கச்சி வந்து கேட்டாள்னு வரைஞ்சு கொடுத்தேன். முதல்ல உங்ககிட்டதான் காட்டினேன். பொம்பளை வரைஞ்ச பூவைச் சுல்தான் பேர்கிட்ட வைக்கறதான்னு அடுப்புல போட்டீங்க."