யார் முதலில் வெளியிடுவது?

“இனிமே அந்த ஆளு மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்!” என்று மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள் அவள்.

முழிப்பது இருக்கட்டும், அந்த மூஞ்சி எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. ஓய்வு நேரத்தில் இலவச மென்பொருள் எழுதுகிற அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் புனைபெயர்தான். இவள் மின்மினி, அந்த ஆள் ஆந்தை.

கணக்குக் குறியீடுகளைத் தட்டும் விசைப்பலகைச் செயலி மின்மினியுடையது. அவற்றைத் திரையில் காட்டும் எழுத்துரு ஆந்தையுடையது. ஒன்று வந்து இன்னொன்று வராவிட்டால் திரை முழுக்க வெறும் கட்டம்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, பிள்ளைகள் இதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

போன வருஷம் புதுப் பதிப்பை இவள் முந்தி வெளியிட்டாள், ஆந்தை இழுத்தடித்தது. பயன்படுத்தியவர்கள் எல்லாம் இவளை வறுத்தெடுத்துவிட்டார்கள். சூடு கண்ட பூனை மறுபடி அடுப்படிக்குப் போகுமா? “முதல்ல நீங்க விடுங்க” என்றாள். “நீங்க விட்டாத்தான் நான்” என்று ஆந்தையும் ஒற்றைக் காலில் நின்றது.

“விட்டுக் குடுக்காதே” என்று தேநீரை நீட்டினான் கணவன். “என் பக்கமும் இப்படி ஒரு ஜென்மம் உயிரை வாங்குது. இதுகளுக்கெல்லாம் இறங்கிப் போனா தலையில ஏறி உட்காரும்.”

அவனும் ஓய்வு நேரத்தில் ஏதோ எழுதுகிறவன்தான். என்ன ஏது என்று இவள் கேட்பதில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் மென்பொருள் விவாதத்தில் இறங்கி, அடுப்பில் பால் தீய்ந்து போனது. அன்று போட்ட சட்டம்: வீட்டில் வேலையைத் திட்டலாம், விவரம் பேசக் கூடாது.

“நீங்களாவது என் பக்கம் இருக்கீங்களே!” அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, வெளியீட்டுத் தேதிகளை ஒருங்கிணைக்கும் அம்மாள் பொறுமை இழந்தார். “எழுதி எழுதிச் சண்டை போட்டது போதும். இன்னிக்கு ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசுங்க. முடிவு வரலைன்னா பள்ளிக்கூடத்துக்குக் கையை விரிச்சிடுவேன்.”

கணவன் கூடத்தில் ஏதோ வேலையாக இருந்தான். அவள் படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழைப்பில் சேர்ந்தாள். ஆந்தை வந்துவிட்டது என்று திரை சொன்னதுதான் தாமதம், பொரிந்து தள்ளினாள்.

“நான் சொல்றதை முதல்ல கேளுங்க. பிள்ளைங்க பாவம்னு எனக்கும் தெரியும். ஆனா ஒரு தடவை பட்டதே போதும், இந்தத் தடவை நான் முந்த மாட்டேன். இந்த மாதிரி வீம்புக்காரங்களுக்கு இறங்கிப் போகாதேன்னு என் வீட்டுக்காரரே சொல்லிட்டார்!”

மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது அவள் காதுக்குள்ளும் கேட்டது, கதவுக்கு வெளியிலும் கேட்டது.

“ரெண்டையும் இப்பவே சேர்த்து விட்டுடலாம், தாயே! வீம்புக்காரனும் நான்தான், உன் வீட்டுக்காரனும் நான்தான்!”