அப்பா பெயரில் ஏசி

உலகப் பருவநிலை நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, பகல் பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை எந்த வீட்டிலும் ஏசி ஓடக் கூடாது. இதய நோயாளி இருக்கும் வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. எங்கள் விதிவிலக்கு அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் இறந்து நான்கு மாதமாகிறது. சொந்த ஊரில் வைத்து எரித்தோம். இறப்பைப் பதிவு செய்யவில்லை. மாலை போட்ட படத்தை நான்தான் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

நேற்று மதியம் சோதனை அதிகாரி இருதயராஜ் வந்தார். அவர் படியேறும் சத்தம் கேட்டதும் அம்மா நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். நான் கட்டிலில் தலையணைகளை அடுக்கிப் போர்வையால் மூடினேன்.

"ஐயா எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு," என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

அறை வாசலில் நின்று, சட்டைக் காலரைத் தளர்த்திக் குளிர்காற்றை வாங்கிக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார்.

"இந்தத் தெருவுல மட்டும் பதினேழு பேரு இப்படித் தூங்குறாங்கம்மா. எழுப்ப வேணாம்."

அவர் போனதும் அம்மா குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு கட்டிலருகே போய், போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டாள்.

"உங்கப்பாவுக்கு ஏசிக் காத்தே ஆகாதுடி," என்றாள்.

ரிமோட் என் கையில்தான் இருந்தது.