வால்வெள்ளி போன வேகம்

இளம்பரிதி மொட்டைமாடியிலிருந்து எடுத்த இரண்டு படங்கள் மேசைமேல் கிடந்தன. திங்கட்கிழமைப் படத்தில் வால்வெள்ளி ஒரு சின்ன நட்சத்திரத்தை ஒட்டி நின்றது. செவ்வாய்க்கிழமைப் படத்தில் விலகியிருந்தது. எவ்வளவு விலகியது என்று அளந்தால் அதன் வேகம் தெரிந்துவிடும். அதற்காக அளவுகோல் வந்தது.

வால்வெள்ளி தன்னைவிட்டுப் போய்விடுமே என்று திங்கள் படத்துக்கு மனசு கேட்கவில்லை. "நீ கொஞ்சம் சுருண்டுக்கோயேன். தூரம் கம்மியாத் தெரியட்டும்," என்று செவ்வாய்ப் படத்திடம் கெஞ்சியது.

"அதனால அது நின்னுடுமா?"

"நின்ன மாதிரி இருக்கும்ல."

செவ்வாய்க்குப் பாவமாகிவிட்டது. ஓரத்தைச் சுருட்டிக்கொண்டது.

"மெதுவாத்தான் போகுது. ஞாயிறு வரைக்கும் கண்ணுல படும்," என்றது அளவுகோல். அதை நம்பி இளம்பரிதி, விடுதியிலிருந்து மகள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார். திங்கள் படமும் அந்த வாரம் முழுக்க நிம்மதியாக இருந்தது.

ஞாயிறு இரவு எடுத்த மூன்றாவது படம் மேசைக்கு வந்தபோது அதில் அந்தச் சின்ன நட்சத்திரம் மட்டும் இருந்தது.

"அது எங்கே?" என்று கேட்டது திங்கள்.

"அந்தப் பொண்ணும் இதையேதான் கேட்டா," என்றது புதுப்படம். "அவங்க அப்பா வானத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு."