சூசையப்பருக்கு ஒரு மேசை

“கையில காசு இருக்கிறவங்க ஏம்மா கடை கடையா பிச்சை கேக்குறாங்க?” என்று சாரோ ஒருமுறை கேட்டான். பள்ளிக்கூடத்துக்கே போகத் தொடங்காத வயது அப்போது அவனுக்கு.

“சூசையப்பர் கேட்டதைக் குடுத்துட்டார்னா, அவருக்கு மேசை போட்டு ஊருக்கே சாப்பாடு போடணும்டா. சொந்தக் காசுல வாங்கிப் போட்டா அதுல என்ன பணிவு இருக்கு? நாலு பேர்கிட்ட கை நீட்டித்தான் வாங்கணும்” என்று அகாத்தா ஆலிவ் ஊறுகாயை அள்ளிக்கொண்டே பதில் சொன்னாள்.

இந்த மார்ச் மாதம் அந்த மேசையைப் பற்றிக் கிழவர் தூரி அவளிடம் வேறொரு கேள்வி கேட்டார். அமெரிக்காவின் பஃபலோ நகர மேற்குப் பக்கத்தில் அகாத்தா தன் சின்ன இத்தாலியக் கடையைத் திறந்த நாளிலிருந்து வருகிறவர் அவர்.

“சங்கதி கேட்டியா? கலோஜெரா பையைத் தூக்கிக்கிட்டுக் கடை கடையா ஏறி இறங்குறா. மீன் கடையில மத்தி கேட்டாளாம், ரொட்டிக் கடையில மாவு கேட்டாளாம். மேசை போடப் போறாளாம்.”

அகாத்தா பாலாடைக்கட்டி சீவும் இயந்திரத்தை நிறுத்தினாள். “மேசையா? எதுக்கு?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். பொண்ணைப் புதைச்ச இடத்துல பனிகூட இன்னும் கரையல. நன்றி சொல்ல அவளுக்கு என்ன இருக்கு? புத்தி பேதலிச்சுப் போச்சு, பாவம்.” பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். “உன் புத்தியும்தான் எங்கயோ இருக்கு. காகிதம் மாதிரி சீவச் சொன்னா, செருப்புத் தோல் மாதிரி வெட்டி வச்சிருக்கே.”

அவள் பொட்டலத்தை மறுபடி கட்டி நீட்டினாள். அவர் முணுமுணுத்தபடி வெளியேறினார்.

ஜனவரியில் ஒரே காய்ச்சல் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் மருத்துவமனையில் அடுத்தடுத்த படுக்கையில் கிடத்தியது. கலோஜெராவின் மகள் லூச்சியா போய்விட்டாள். சாரோ எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தான்.

அன்றிலிருந்து அகாத்தா கலோஜெராவின் முகத்தைப் பார்க்கவில்லை. அடக்கத்துக்குக்கூடக் கோயில் வாசலோடு திரும்பிவிட்டாள். கலோஜெரா நல்லவள்தான். ஆனாலும் பெற்ற வயிறு எரியும்போது கண் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? கண்ணேறு படாமலிருக்க மகனுடைய சட்டையின் உட்புறம் சிவப்புப் பவழக் கொம்பு ஒன்றைக் குத்தி வைத்திருந்தாள்.

கடையை மூடும் நேரம். கதவில் தொங்கும் ‘திறந்திருக்கிறது’ பலகையைத் திருப்பப் போனவள் எதிர்ச்சாரியில் கறுப்பு உடையில் நின்ற உருவத்தைக் கண்டாள். மற்றக் கடைகளில் ஊர் பார்க்கக் கை நீட்டிய கலோஜெரா, இங்கே மட்டும் கடைசி ஆள் போகும்வரை பனிச்சேற்றில் காத்து நின்றிருக்கிறாள்.

“சாரோ, உள்ளே போ. கூப்பிடற வரைக்கும் வெளிய வராதே.”

கதவு மணி அடித்தது. கலோஜெரா துணிப்பையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

“சூசையப்பர் பேரால எதாவது குடு, அகாத்தா.”

அகாத்தா மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தாள். காய்ந்த மொச்சை, அத்திப்பழம், ஒரு டப்பா எண்ணெய். தச்சரான சூசையப்பரின் மரத்தூளாக நினைத்து விருந்தன்று உணவின் மேல் தூவும் ரொட்டித்தூளையும் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். கொடுத்து முடித்தால் அவள் போய்விடுவாள்.

கலோஜெராவின் பார்வை கல்லாவுக்கு மேல் ஒட்டியிருந்த சூசையப்பர் படத்தில் நின்றது. மருத்துவமனையில் சாரோவின் தலையணை உறைக்குள் கிடந்த படம் அது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கன்னியாஸ்திரீகள் வைப்பார்கள்போல என்று அகாத்தா எண்ணிக்கொண்டிருந்தாள்.

“சாரோ எப்படி இருக்கான்? படி ஏறினா மூச்சு வாங்குதா?”

“இல்லக்கா. தூங்குறான்.”

சொல்லி வாய் மூடவில்லை, பின்னறையில் பந்து ஒன்று சுவரில் மோதிக் குதித்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.  கலோஜெரா தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பையின் வாயை முடிந்தாள்.

“மேசையில குழந்தை இயேசுவா உக்கார ஒரு பையன் வேணும்” என்றாள் மெதுவாக. “உனக்குச் சரின்னு பட்டா அனுப்பு. இல்லாட்டியும் பரவால்ல.”

அகாத்தாவின் கை தானாகப் பின்னறைக் கதவைப் பிடித்துக்கொண்டது. பயமா, இரக்கமா என்று அவளுக்கே விளங்கவில்லை. நெஞ்சில் அடைத்திருந்தது வாய் வழியே வந்துவிட்டது.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. லூச்சியாதான் நம்மள விட்டுப் போயிட்டாளே. சூசையப்பர் உங்களுக்கு என்ன குடுத்தாருன்னு இந்த மேசையைப் போடுறீங்க?”

கலோஜெரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் கைப்பிடியைத் தொட்டபடி ஒரு கணம் நின்றாள். கண்கள் நிறைந்திருந்தன, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

“நான் ரெண்டு படுக்கைக்கும் சேர்த்துத்தான் நேர்ந்துக்கிட்டேன், அகாத்தா. உன் புள்ள வீட்டுக்கு வந்துட்டான்ல.”